முந்திச் சொன்ன சாட்சி

ஜனவரி 1, புதன்

புது வருஷ ஆராதனை முடிந்து வந்து, இட்லி அவித்து, சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டு வாழ்த்துச் சொல்லி, இப்போதுதான் உட்காருகிறேன். இந்த வருஷமாவது பிப்ரவரியைத் தாண்டி எழுதிவிட வேண்டும். போன வருஷத்து டைரியில் மீதிப் பக்கங்களில் மகள் பெனிலா மயிலிறகு வரைந்து வைத்திருக்கிறாள்.

எங்கள் சபையில் வருஷப் பிறப்பன்று ஒரு தட்டில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார்கள். வரிசையில் போய் ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். அதில் என்ன வசனம் வருகிறதோ அதுதான் அந்த வருஷம் முழுவதும் ஆண்டவர் நமக்குத் தரும் வாக்கு. நான் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். நீ போகிற வழியில் நான் கூட வருவேன் என்கிற கருத்துள்ள வசனம். போகிற வழி! அங்கேயே எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது.

மில்லை மூடியதிலிருந்து இவர் வீட்டில்தான் இருக்கிறார். இருபது வருஷம் அங்கே ஸ்டோர் கீப்பர். மஸ்கட்டில் ஒரு கட்டடச் சாமான் கிடங்கில் இதே வேலைக்கு ஏஜெண்ட் மூலமாக எழுதிப் போட்டிருக்கிறார். வாக்குத்தத்தமே வந்த பிறகு இனி என்ன சந்தேகம்?

"பாத்தியளா? போகிற வழின்னு போட்டிருக்கு. மஸ்கட் உறுதி" என்றேன்.

"மார்க்கெட்டுக்குப் போறதும் வழிதான் ஹெப்சி" என்றார்.

இவர் எப்போதுமே இப்படித்தான். ஆண்டவர் நேரில் வந்து கதவைத் தட்டினாலும் ஜன்னல் வழியாக யார் என்று பார்த்துவிட்டுத்தான் திறப்பார்.

ஜனவரி 17, வெள்ளி

முந்தாநாள் ஏஜெண்ட் போன் பண்ணினார். இவர் இன்டர்வியூவில் தேர்வாகிவிட்டாராம்! ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். நேற்று மதுரையில் மெடிக்கலும் முடிந்துவிட்டது. அந்த ரிசல்ட் வந்தால் விசாவாம். அதெல்லாம் சும்மா சடங்கு. இவருக்கு என்ன, காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்திருக்கிறாரா? கொஞ்சம் மெலிந்திருக்கிறார். வேலை போன கவலை. ராத்திரி வேர்க்கிறது, அது மச்சு வீட்டுப் புழுக்கம்.

ஜனவரி 19, ஞாயிறு

இன்று சாட்சி சொன்னேன்.

ஆண்டவர் நமக்குச் செய்ததைச் சபைக்கு முன்னால் எழுந்து சொல்கிற சாட்சி வேளையில் முதலில் நான்தான் எழுந்தேன். பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தலைவி கடைசியில் எழுந்தால் நன்றாகவா இருக்கும்? "என் வீட்டுக்காரருக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்துவிட்டது, விசா வந்துவிட்டது, கர்த்தர் வாசலைத் திறந்துவிட்டார்" என்று மைக்கில் சொன்னேன். கோவில் முழுக்க அல்லேலூயா. போதகர் ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெளியே செருப்புப் போடும்போது இவர் கேட்டார்: "விசா எப்ப ஹெப்சி வந்துச்சு?"

"வந்த மாதிரிதான். விசுவாசம்னா என்ன? கையில வாங்குததுக்கு முந்தியே நன்றி சொல்லுததுதான். கெடச்ச பெறகு எவன்தான் சொல்ல மாட்டான்?"

மத்தியானம் இவர் மட்டன் குழம்பைத் தொடவே இல்லை. இப்படி ஒரு நல்ல நாளைக் கெடுப்பதற்கென்றே சில மனிதர்கள்.

ஜனவரி 21, செவ்வாய்

காலையிலேயே ஏஜெண்டைப் பார்க்கப் போன இவர் சாயங்காலம்தான் வந்தார். சட்டையைக்கூட மாற்றாமல் அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, "ஹெப்சி, ஒண்ணு சொல்லணும், கொஞ்சம் உக்காரு" என்றார். நான் கையைத் துடைத்துக்கொண்டு திரும்புவதற்குள் வாசலில் ஒரே சத்தம். ஐயரம்மா, சங்கத்துப் பெண்கள் எல்லாரும் கேக்கோடு வந்துவிட்டார்கள். போதகரின் மனைவியை இங்கே ஐயரம்மா என்றுதான் சொல்வோம். கேக்கில் ஒரு விமானம் வேறு வரைந்திருந்தது.

ஜெபம் பண்ணி, பாட்டுப் பாடி, கேக்கை இவர் கையால்தான் வெட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வெட்ட வைத்தார்கள். வெட்டிய கையோடு இவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டார். கூச்சம். ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை.

அவர்கள் போன பிறகு, "என்னமோ சொல்லணும்னியளே" என்றேன்.

"ஒண்ணுமில்ல" என்றார்.

ஜனவரி 26, ஞாயிறு

இவர் ஹாலில் ஜன்னல் பக்கம் பாயைப் போட்டுப் படுக்க ஆரம்பித்திருக்கிறார். கேட்டால் காற்று வேண்டுமாம். இந்தப் பனியில் ஜன்னலை மலர்த்தித் திறந்து வைத்துக்கொண்டு படுத்தால் இருமாமல் என்ன செய்யும்? நான் போய்க் கேட்கவில்லை. எனக்கும் ரோஷம் இருக்கிறது. இருபத்து மூன்று வருஷத்தில் சண்டை போட்டுக்கூட நாங்கள் தனித்தனியாகப் படுத்ததில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

இப்போது தட்டும் தம்ளரும்கூடத் தனி. எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, தானே சாப்பிட்டு, தானே கழுவி, தனியாகக் கவிழ்த்து வைக்கிறார். "அங்க போனா நானேதானே செய்யணும், பழகிக்கிடுதேன்" என்கிறார். பெனிலா அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தால் எழுந்து அடுத்த நாற்காலிக்குப் போய்விடுகிறார். பிள்ளை முகம் சுருங்கிவிட்டது. காலேஜில் ரெண்டாம் வருஷம் படிக்கிற பிள்ளையிடம் ஒரு தகப்பன் இப்படியா நடந்துகொள்வது?

வெளிநாட்டுக்குப் போவதற்கு முன்னாலேயே எங்களை வெட்டி விடுகிறார் போல.

இவருக்கு உடம்பில் உஷ்ணம் ஏறிவிட்டது. பாத்ரூமில் பார்த்தேன், சிறுநீர் சிவந்த ஆரஞ்சு நிறமாகப் போகிறது. மோர் கலக்கிக் கொடுத்தேன். இளநீரும் வாங்கி வைத்தேன். கோபம் ஒரு பக்கம், இருந்தாலும் நான்தானே பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கோவில் விட்டதும் மெற்றில்டா என் கையைப் பிடித்து ஓரமாகக் கூப்பிட்டாள். பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். அதிகம் பேசாத பிள்ளை, சங்கத்தில்கூட ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் திறக்கும்போது போயிருப்பாள், டூட்டி இருக்கிறது என்பாள். அவள் கேட்கிறாள்:

"அக்கா, அண்ணனுக்கு மெடிக்கல் எல்லாம் எப்பிடி? நீங்களும் பெனிலாவும் ஒரு தடவ நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துருங்களேன். இப்ப எல்லாரும் எடுக்காக, சும்மாதான்."

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. கர்த்தர் செய்து முடித்த காரியத்துக்கு இவள் எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறாள்.

"மெற்றில்டா, ஆஸ்பத்திரியிலேயே இருந்து இருந்து ஒனக்கு எதப் பாத்தாலும் சீக்காத்தான் தெரியுது. விசுவாசத்துல கொஞ்சம் வளரு" என்றேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சரிக்கா" என்று போய்விட்டாள்.

கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லிவிட்டேன். பரவாயில்லை, சிலருக்கு அப்படிச் சொன்னால்தான் உறைக்கும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

வழியனுப்பு ஜெபம். பயணம் மார்ச் பதினாலாம் தேதி என்று நான் கேட்டுக் கேட்டு இவர் வாயிலிருந்து வாங்கிய பிறகுதான் சபையில் ஏற்பாடு பண்ணினார்கள்.

பீடத்துக்கு முன்னால் இவரை முழங்காலில் நிற்க வைத்து, போதகர் ஐயாவும் மூப்பர்களும் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். இவர் அழுதார். குலுங்கிக் குலுங்கி அழுதார். மாமனார் செத்த அன்றுகூட இவர் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் நான் பார்த்ததில்லை. ஆவியானவர் தொட்டுவிட்டார் என்று ஐயரம்மா என் காதில் சொன்னார்கள். கல்லுக்குள் ஈரம் இருக்கிறது, நான்தான் தப்பாக நினைத்துவிட்டேன்.

சங்கத்தின் சார்பில் சக்கரம் வைத்த பெரிய நீலப் பெட்டி ஒன்று கொடுத்தார்கள். வீட்டுக்கு அதை நானே உருட்டிக்கொண்டு வந்தேன். தெருவே பார்த்தது.

மார்ச் 2, ஞாயிறு

விசாவை ஒரு தடவை கண்ணில் காட்டுங்கள் என்றேன். ஏஜெண்டிடம் இருக்கிறதாம். டிக்கெட்டும் அவரிடம்தானாம். சரி என்று விட்டுவிட்டேன். முறுக்குக்கு அரிசி ஊறப் போட வேண்டியிருந்தது.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். லெந்து என்கிற தவக்காலம் ஆரம்பம். நாற்பது நாளும் வீட்டில் கவுச்சி கிடையாது. கருவாட்டை மட்டும் இவர் பெட்டிக்கு வறுத்து வைத்தேன்.

மார்ச் 14, வெள்ளி

எழுத வேண்டுமா என்று இருக்கிறது. எழுதுகிறேன்.

காலை பதினோரு மணிக்கு ஜெபம் பண்ணி அனுப்பினேன். திருவனந்தபுரம் பஸ் பிடித்து அங்கிருந்து விமானம் என்று சொல்லியிருந்தார். நானும் பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறேன் என்றதற்கு, "வேண்டாம் ஹெப்சி. நீ அழுவே, நான் அழுவேன், பஸ்ஸு போயிரும்" என்றார். பெனிலாவின் தலையில் கை வைக்கப் போனவர் பாதியில் எடுத்துக்கொண்டார்.

ஆட்டோ போன பிறகு இவருடைய தலையணை உறையைத் துவைக்கப் போடலாம் என்று உருவினேன். உள்ளே பாஸ்போர்ட்.

ஐயோ, விமான நிலையத்தில் போய் இந்த மனுஷன் என்ன செய்வார்? போன் போட்டால் எடுக்கவில்லை. உடுத்திய சேலையோடு ஆட்டோவில் ஏறி, "புது பஸ் ஸ்டாண்டுக்கு விடுங்க அண்ணாச்சி, ஒரு ஆளு பிளேனை விட்டுருவாரு" என்று கத்திக்கொண்டே போனேன். திருவனந்தபுரம் பஸ் நிற்கிற இடத்தில் இவர் இல்லை. ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி இறங்கினேன். பிறகு நீலப் பெட்டி கண்ணில் பட்டது. திருப்பூர் பஸ் நிற்கும் இடத்து பெஞ்சில், பெட்டியை முழங்காலோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க! பாஸ்போர்ட்டை விட்டுட்டு வந்துட்டியளே!"

"விட்டுட்டு வரல. வச்சிட்டு வந்தேன்."

"பாஸ்போர்ட் இல்லாம எப்பிடி மஸ்கட் போவிய?"

"திருப்பூருக்கு அதெல்லாம் கேக்க மாட்டாக" என்றார்.

எனக்கு உட்காரத் தோன்றவில்லை. நின்றுகொண்டேதான் கேட்டேன். மெதுவாக, தரையைப் பார்த்தபடி சொன்னார். மதுரையில் எடுத்த எக்ஸ்ரேயில் நெஞ்சில் நிழல் விழுந்ததாம். சளியைச் சோதித்துப் பார்த்து டி.பி. என்று சொல்லிவிட்டார்களாம். மஸ்கட் அன்றைக்கே போய்விட்டது. ஜனவரியிலிருந்து பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார். திருப்பூரில் பழைய மில் கூட்டாளி ஒருவர் பனியன் கம்பெனியில் இருக்கிறார், அவரோடு தங்கிக்கொண்டு கிடைத்த வேலையைச் செய்வது, ஊரைப் பொறுத்தவரை மஸ்கட்டில் இருப்பது. இதுதான் திட்டம்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். கேக்கு வந்துட்டு."

"அதுக்குப் பெறகு?"

"நீ சபைக்கு முன்னால கர்த்தர் செஞ்சிட்டாருன்னு சொல்லிட்ட. நான் இல்லன்னு சொன்னா ஒண்ணு நீ பொய்யாவே, இல்ல கர்த்தர் பொய்யாவாரு. ரெண்டும் எனக்கு இஷ்டமில்ல."

திருப்பூர் பஸ்ஸின் கண்டக்டர் வந்து, "ஏறுங்க சார், எடுக்கப் போறோம்" என்றார். இவர் எழுந்தார்.

இந்த இடத்தை மறைக்காமல் எழுத வேண்டும். அந்த நிமிஷம் என் மனதில் முதலில் வந்தது இவருடைய நெஞ்சு இல்லை. ஐயரம்மா கேட்டால் என்ன சொல்வேன் என்பதுதான் முதலில் வந்தது. இரண்டாவதாகத்தான் பெட்டியைப் பிடுங்கினேன். "வீட்டுக்கு வாங்க" என்றேன். மூன்றாவதாக என்ன செய்தேன் என்றால், ஆட்டோவை நம் தெருவில் விடாமல் பின் சந்தில் நிறுத்தச் சொல்லி, இவர் தலையில் துண்டைப் போட்டுக் கொல்லைக் கதவு வழியாக உள்ளே கூட்டி வந்தேன்.

மார்ச் 15, சனி

தட்டு. தம்ளர். ஜன்னல் பாய். பிள்ளை பக்கத்தில் உட்காராதது. எல்லாம் எங்களுக்கு ஒட்டிவிடக் கூடாதென்று. நான் என்னவெல்லாம் எழுதியிருக்கிறேன் என்று திருப்பிப் பார்க்கக் கை வரவில்லை. ஆரஞ்சு நிறம் மாத்திரையால் வந்ததாம். நான் மோர் கொடுத்தேன்.

வெட்கம் என்றால் என்ன என்று எனக்கு இதுவரை தெரிந்திருக்கவில்லை. மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயத்தைத்தான் இத்தனை நாளும் வெட்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் பெனிலாவும் போனோம். நெஞ்சுப் பிரிவில் வெள்ளை உடுப்பில் மெற்றில்டா. இவருக்கு ஜனவரியிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுத்தவளே அவள்தானாம். வழியனுப்பு ஜெபத்தன்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் தெரிந்து உட்கார்ந்திருந்தாள்.

என்னைப் பார்த்ததும், "வாங்கக்கா. சாப்பிட்டியளா?" என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

எக்ஸ்ரே எடுத்தார்கள். பெனிலாவுக்கு ஒரு வாரமாக வறட்டு இருமல் இருப்பதால் சளியையும் சோதிக்க வேண்டும், ரிசல்ட் அடுத்த வாரம் வியாழக்கிழமை வாக்கில் என்றாள். கை கழுவுகிற இடத்தில் அவளைத் தனியாகப் பிடித்தேன்.

"எல்லாம் தெரிஞ்சும் அன்னைக்கு நான் அத்தன பேரு முன்னால ஏசும்போது ஏன் மெற்றில்டா பேசாம இருந்தே?"

"அண்ணன் சொல்லாதன்னு சொல்லிட்டாக. நோயாளி சொல்லாதன்னா சொல்லக் கூடாதுக்கா. அதான் எக்ஸ்ரேன்னு சாடையா சொல்லிப் பாத்தேன்." பிறகு குழாயை மூடிவிட்டு, "வீட்டுக்குப் போயி அழுதேன்" என்றாள். நல்லவேளை சொன்னாள். அழவில்லை என்று சொல்லியிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது.

நல்ல சாப்பாடு, முட்டை, பயறு, மாத்திரை ஒரு நாளும் தவறக் கூடாது, ஜூலையில் முடிந்துவிடும், குணமாகிவிடும் என்றாள். இவ்வளவுதானாம். இதற்கா நாங்கள் மஸ்கட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு திரிந்தோம்?

மார்ச் 23, ஞாயிறு

இவர் மஸ்கட் போய்ச் சேர்ந்தாரா என்று கோவில் வாசலில் பதினைந்து பேராவது கேட்டிருப்பார்கள். தலையை ஆட்டினேன். ஆட்டியதற்கு எந்த அர்த்தமும் எடுத்துக்கொள்ளலாம்.

சாட்சி வேளையில் இன்று சொல்லிவிட வேண்டும் என்று முடிவு பண்ணித்தான் போனேன். எழுந்தேன். மைக் வரைக்கும் நடந்தேன். ஐயரம்மா சிரித்த முகமாகப் பார்த்தார்கள். என் வாய் தானாகத் திறந்து, "பிரயாணத்தில் பாதுகாத்த தேவனுக்கு ஸ்தோத்திரம்" என்றது. சத்தியமாக நான் சொல்ல வந்தது அது இல்லை. பழக்கப்பட்ட வாய். அல்லேலூயா என்றார்கள். வந்து உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் சொன்னேன். இவர் சுண்டல் தின்றுகொண்டிருந்தார்.

"பரவால்ல. பெட்டியில துணி அப்பிடியேதான் இருக்கு. நீ சொன்னா நாளைக்கே திருப்பூருக்குப் போயிருதேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். நிஜமாகவே, எனக்கு உதவியாகத்தான் சொன்னார்.

மார்ச் 25, செவ்வாய்

சங்கத்து வீட்டு ஜெபம் இன்று எங்கள் வீட்டில். இரண்டு மாதத்துக்கு முன்பே போட்ட முறை, மாற்ற முடியவில்லை. மாற்றச் சொல்லிக் கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை.

இவரைப் படுக்கையறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினேன். தன்னுடைய சொந்த வீட்டில். ஹாலில் பதினெட்டுப் பெண்கள். சகோதரர் ஆசீரை மஸ்கட்டில் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்ததற்காக ஐயரம்மா உருக்கமாக நன்றி சொல்லி ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது உள்ளே இருமல். ஒன்று. பிறகு அடக்கிக்கொண்டு, துணியை வாயில் வைத்து அமுக்கின மாதிரி இன்னொன்று.

ஐயரம்மா கண்ணைத் திறந்தார்கள்.

"பெனிலாவுக்குச் சளி" என்றேன்.

பெனிலா காப்பித் தட்டோடு அடுப்படியிலிருந்து அப்போதுதான் வெளியே வந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு, கையை வாயில் வைத்து இரண்டு தடவை இருமிக் காட்டினாள்.

என் பிள்ளைக்கு நான் கற்றுக் கொடுத்தது இதுதான். ஞாயிறு வகுப்பு, மனப்பாட வசனம், எல்லாம் போக கடைசியில் இது. பிள்ளையின் சளிச் சோதனை முடிவு இன்னும் வரவில்லை. அதற்கு முன்னால் அவளை இரும வைத்துவிட்டேன்.

எல்லாரும் போன பிறகு கதவைத் திறந்தேன். இவர் தலையணையில் முகத்தைப் புதைத்துக் குனிந்து உட்கார்ந்திருந்தார். இருமலை அடக்கி அடக்கிக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "கேட்டுட்டோ?" என்றார்.

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். கத்தித்தான் அழுதேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

மார்ச் 27, வியாழன்

மெற்றில்டா போன் பண்ணினாள். பெனிலாவுக்கு ஒன்றும் இல்லை, வெறும் சளிதான். எனக்கும் ஒன்றுமில்லை.

ஸ்தோத்திரம் என்று சொல்ல வாய் வந்தது. வெட்கமாக இருந்தது. அப்புறம் சின்னச் சத்தத்தில் சொன்னேன்.

மார்ச் 30, ஞாயிறு

காலையில் இவர் தூங்கிக்கொண்டிருந்தார். நானும் பெனிலாவும் மட்டும் போனோம்.

இன்று மைக்குக்குப் போகும் வரைக்கும் நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தரையில் ஓடுகளையே பார்த்துக்கொண்டு போனேன். "என் வீட்டுக்காரர் மஸ்கட் போகவில்லை" என்றேன். மைக் கீச்சென்றது. மறுபடியும் சொல்ல வேண்டியதாயிற்று.

"அவர் போகல. விசா வரவே இல்ல. வந்துச்சுன்னு நான் இங்க நின்னு சொன்னேன். வரும்னு நெனச்சதை வந்துட்டுன்னு சொன்னேன். அது விசுவாசம் இல்ல. எல்லாருக்கும் முந்தி நான் சொல்லணும்னு ஒரு ஆசை. கர்த்தர் சொல்லாததைக் கர்த்தர் பேரச் சொல்லிச் சொன்னேன். அவருக்கு டி.பி. அதை எங்கிட்ட சொல்லக்கூட விடாம என் சாட்சி அவரு வாய அடச்சிட்டு. போன வாரமும் இங்க நின்னு பொய் சொன்னேன். செவ்வாக்கிழம வந்தியளே, அப்ப இருமுனது பெனிலா இல்ல. நீங்க தந்த பெட்டி வீட்டுலதான் இருக்கு. மெற்றில்டாவ அன்னைக்கு நான் ஏசுனது தப்பு. அவ்வளவுதான்."

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. சாட்சி சொல்லிவிட்டு இவ்வளவு அமைதியில் நான் ஒரு நாளும் திரும்பி நடந்ததில்லை. ஐயரம்மா ஜெபப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்திலிருந்து யாரும் எழுந்து நகர்ந்து போகவில்லை, ஆனால் யாரும் என்னைப் பார்க்கவும் இல்லை.

அப்போது பின்னால் ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு இருமல்.

அந்த இருமல் எனக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தேன். கடைசி பெஞ்சில், ஜன்னலோரத்தில், மாஸ்க் போட்டுக்கொண்டு இவர். துண்டு கிண்டு எதுவும் தலையில் இல்லை. கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையை எங்கிருந்தோ தேடிப் போட்டிருந்தார். முன் கதவைத் திறந்து, தெரு வழியாக நடந்தே வந்திருக்கிறார்.

மெற்றில்டா எழுந்தாள். மூன்றாவது வரிசையிலிருந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாட்டு எண் சொன்னதும் அவளுடைய புத்தகத்தை எனக்கும் சேர்த்துப் பிடித்தாள்.

வீட்டுக்கு வரும்போது கேட்டேன்: "நான் இன்னைக்குச் சொல்லிருவேன்னு தெரிஞ்சா வந்திய?"

"எனக்கு என்ன தெரியும்? நீ மறுபடியும் மஸ்கட்டுன்னாலும் சொல்லுவே. உள்ளேயே கெடந்து மூச்சு முட்டுது ஹெப்சி. கோவிலுக்குப் போய் மூணு வாரம் ஆச்சு. அதான் வந்தேன்."

ஏப்ரல் 3, வியாழன்

சங்கத்துத் தலைவி பொறுப்பை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஐயரம்மா வேண்டாம் என்று சொல்வார்கள் என்று ஒரு நப்பாசை இருந்தது. சொல்லவில்லை. "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு" என்றார்கள். நீலப் பெட்டியையும் திருப்பிக் கொடுத்தேன். அன்றைக்கு உருட்டிக்கொண்டு வந்த அதே தெருவில்தான் உருட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அந்தச் சக்கரங்கள் அப்படிக் கடகடவென்று சத்தம் போடும் என்று போன தடவை நான் கவனிக்கவில்லை.

முறுக்கையும் கருவாட்டையும் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. பவனியில் இவரும் வந்தார். சிலர் பேசினார்கள், சிலர் தள்ளி நின்றார்கள். நோய்க்காகத் தள்ளி நின்றார்களா, எனக்காகத் தள்ளி நின்றார்களா தெரியவில்லை. இருக்கட்டும், நான் தள்ளி நிறுத்தியவர்கள் எத்தனை பேரோ.

வேலை இன்னும் கிடைக்கவில்லை. ஜங்ஷனில் ஒரு இரும்புக் கடையில் ஆள் கேட்டார்களாம், மாத்திரை முடியட்டும் என்று இவர் நினைக்கிறார். ஜூனில் பெனிலாவுக்கு அடுத்த வருஷப் படிப்பு. என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. இப்படித் தெரியாது என்று எழுதுவதே எனக்குப் புதுசு.

மத்தியானம் மெற்றில்டா குருத்தோலைச் சிலுவை செய்து கொண்டுவந்தாள். ஹாலில் தனியாகக் கவிழ்த்து வைத்த தட்டைப் பார்த்துவிட்டு, "இது என்ன அண்ணே, இன்னுமா தனித் தட்டு? அது எப்பவும் தேவையே இல்லயே. வாய மூடி இருமுங்கன்னுதானே சொன்னேன், தட்டப் பிரிக்க யாரு சொன்னா?" என்று சிரித்தாள்.

இவர் அசடு வழிந்தார். "ஒரு பாதுகாப்புக்குத்தான்" என்றார்.

இன்று குடும்ப ஜெபத்தில் வழக்கம் போல என்னைத்தான் ஜெபிக்கச் சொன்னார்கள். வழக்கமாக நான் ஜெபித்தால் இன்ன வேலை, இன்ன ஊர், இன்ன தேதிக்குள் என்று ஆண்டவருக்கே எடுத்துக் கொடுப்பேன். இன்று ஒன்றும் வரவில்லை. வெட்கம் இன்னும் போகவில்லை. "ஆண்டவரே, எங்களுக்கு ஒண்ணும் தெரியல. கூட இரும்" என்றேன். முடித்துவிட்டேனா என்று இருவரும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்கள். ஆமென் என்றேன்.

சாப்பிட்ட பிறகு இவர் எழுந்து தன் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனார். கையை நீட்டினேன். கொஞ்சம் யோசித்தார். பிறகு கொடுத்தார். மூன்று தட்டையும் சேர்த்துக் கழுவி ஒன்றாகவே கவிழ்த்து வைத்தேன்.